தானாக விழுந்தவள்

டெல்மோர் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்கள் பதினொரு பேர். அவர்களில் யார் எடுத்ததற்கெல்லாம் போன் போடுகிறவன் என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கை காட்டும்: ஏழாம் நம்பர் பஸ், கர்ட் ரென்ஷா. முப்பத்தாறு வயது, சிவந்த தாடி, நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு பிள்ளை வீட்டில் அடிபடுகிறதோ என்று சந்தேகம் வந்தாலே அரசாங்கத்தின் நம்பருக்குச் சொல்லிவிட வேண்டும், அது சட்டம். மற்ற பத்து டிரைவர்களும் வருடத்துக்கு ஒரு முறை அதைச் சொல்லித்தரும் வகுப்பில் உட்கார்ந்து, டோனட் தின்று, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். கர்ட் மட்டும் நோட்டுப் புத்தகம் கொண்டுபோவான். ஆறு வருடத்தில் ஒன்பது முறை போன் போட்டிருந்தான்.

"இன்னிக்கு யாரு வீட்டுக் கதவத் தட்டப் போறாங்க, ஷெரிஃப்?" என்று டிப்போவைக் கவனித்துக்கொள்ளும் எர்ல் காலையில் சாவியைக் கொடுக்கும்போதே கேட்பார்.

"தப்புப் பண்ணவங்க வீட்டுக் கதவத்தான்."

"உனக்கு எப்படிடா தெரியும், அவன் தப்புப் பண்ணான்னு?"

"கதை ஒண்ணா இருக்கணும் எர்ல். புள்ள ஒண்ணு சொல்லி அம்மா ஒண்ணு சொன்னா, அங்க என்னமோ இருக்கு. அதுக்கு மேல நான் யோசிக்கவே மாட்டேன். போன எடுத்துருவேன்."

இதை வெறும் அதிகப்பிரசங்கித்தனம் என்று ஊர் நினைத்தது. எனக்கும் அவனைப் பிடிக்காதுதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. கர்ட்டுக்கு ஆறு வயதில், கராஜில் ஒரு பெயின்ட் டப்பாவைத் தட்டிவிட்டான் என்று அவன் அப்பன் வெர்ன் அவனுடைய இடது கையைப் பிடித்துத் திருகினான். கை ஒடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரில் வெர்ன் சொன்னது இவ்வளவுதான்: "யாரு கேட்டாலும், மரத்துல ஏறுனேன், நானா விழுந்தேன்னு சொல்லணும். சொல்லு." பையன் சொன்னான். டாக்டர் சிரித்துக்கொண்டே ஒரு லாலிபாப் கொடுத்தார். வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகளும் மாவுக்கட்டில் வரிசையாகப் பேரெழுதினார்கள். டீச்சர் ஒரு குரங்குப் படம் வரைந்து, கீழே 'பார்த்து ஏறு' என்று எழுதினாள். இருபத்து மூன்று கையெழுத்து இருந்தது அந்தக் கட்டில். ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்தப் பையன்தான் வளர்ந்து போன் போடுகிறவன் ஆனான். அதில் ஒரு நியாயம் இருந்தது. நியாயம் கையில் இருக்கிறவன் அதை எப்படிப் பிடித்திருக்கிறான் என்பது வேறு விஷயம்.

அவன் போட்ட ஒன்பது போனில் ஒன்று ட்ரீனா பிக்கெட் மேல் போட்டது. ட்ரீனா நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் கவுன்டரில் நிற்கிறவள், புருஷன் கிடையாது, கோல் என்று ஒரு மகன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏழு வயதுக் கோல் கையில் பச்சை நிற மாவுக்கட்டோடு பஸ்ஸில் ஏறினான். மாடிப்படியில் விழுந்தான் என்று ட்ரீனா பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். பையனோ ட்ராம்போலின் என்கிற துள்ளு வலையில் குதித்து விழுந்ததாக பஸ் முழுக்கப் பெருமையடித்தான். விஷயம் என்னவென்றால், வீட்டுச் சொந்தக்காரன் ட்ராம்போலின் வைக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தான். அவனுக்குப் பயந்து அவள் ஒரு பொய் சொன்னாள். கதை இரண்டாகிவிட்டது. கர்ட் மத்தியானமே போனை எடுத்துவிட்டான்.

குழந்தைகள் நல அலுவலகத்தார் கோலைக் கூட்டிக்கொண்டுபோய், நாற்பது மைல் தள்ளி, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் வைத்தார்கள். விசாரணை நான்கு மாதம் இழுத்தது. கிறிஸ்துமஸும் அதில் போயிற்று. அந்த நாட்களில் ஒரு காலை, பிள்ளை இல்லாத நிறுத்தத்தில் ட்ரீனா தனியாக நின்று பஸ்ஸை மறித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா நீ? ஒரே ஒரு வார்த்த?"

"கேக்கறது என் வேலை இல்லம்மா. சொல்றது என் வேலை. விசாரிக்கறது அவங்க வேலை."

சொல்லிவிட்டு பஸ் கதவை மூடினான். அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் தட்டைவிடப் பெரிதாக வறுத்த பன்றியிறைச்சி சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு இதை எல்லாருக்கும் சொல்லிக் காட்டினான், அவள் குரலில் ஒரு முறை, தன் குரலில் ஒரு முறை. சிலர் சிரித்தார்கள். திரும்பி வந்த கோல் பஸ்ஸில் யாரோடும் பேசுவதை விட்டுவிட்டான். ஏழாம் நம்பரில் இப்போது நல்ல அமைதி என்று கர்ட் நினைத்துக்கொண்டான்.

மனைவி மார்லா அவனை விட்டுப் போனது அதற்கு அடுத்த வருடம். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள், சண்டை போடத் தெரியாதவள். "உன்கூட இருந்தா வீட்டுலயும் விசாரணைதான் கர்ட். பால் ஏன் கொட்டுச்சுன்னு மூணு தடவ கேக்கற. எனக்கு மூச்சு முட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகள் பிரின்லியைத் தூக்கிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கோர்ட்டில் அவனுக்குக் கிடைத்தது சனிக்கிழமை பகல்: பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை. நவம்பர் பன்னிரண்டாம் தேதி ஜட்ஜ் மறுபடி பார்ப்பார். அதுவரை எல்லாம் ஒழுங்காகப் போனால், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரண்டு ராத்திரி பிள்ளை அவனிடம் தங்கலாம்.

அந்த இரண்டு ராத்திரிக்காகத்தான் அவன் உயிரோடு இருந்தான் என்றால் மிகையில்லை. சின்னக் கட்டில் ஒன்று வாங்கி, விழாமலிருக்கப் பக்கச் சட்டம் போட்டு, ஊதா நிறப் போர்வை விரித்து வைத்திருந்தான். வேலை முடிந்து வந்து, ராத்திரி அந்தக் காலிக் கட்டிலைத் தட்டிச் சரிசெய்வான். மார்லா அனுப்பிய நிபந்தனைகளையெல்லாம் அச்செடுத்து பிரிட்ஜில் ஒட்டியிருந்தான். கடலை கூடாது. டிரக்கில் முன்சீட் கூடாது. நான்கு வயது ஆகும்வரை பார்க்கில் பெரிய சறுக்குமரம் கூடாது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. சோளம் அறுத்து வயலெல்லாம் மொட்டையாகக் கிடந்தது, நல்ல வெயில். பிரின்லிக்கு மூன்று வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பார்க்கில் இறங்கியதுமே விரலை நீட்டிவிட்டாள்.

"பெரீசு! டாடி, பெரீசு!"

"பெரீசு வேண்டாம்டா செல்லம். அம்மா திட்டுவா. சின்னதுல போலாம்."

"சின்னது பாப்பாவுக்கு! பெரீசு!"

"நீ பாப்பா இல்லயா?"

"நானு பிரின்லி!"

வாரத்தில் ஏழு மணி நேரம் மட்டும் அப்பனாக இருக்கிறவனுக்கு 'வேண்டாம்' என்ற சொல் வாயில் நிற்காது. தனியாக விட்டால்தானே ஆபத்து, மடியில் வைத்துக்கொண்டு இறங்கினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தான். ஊரில் எல்லா அப்பன்மாரும் அப்படித்தான் இறங்குகிறார்கள். இரண்டு தொடைக்கும் நடுவே அவளை உட்கார வைத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சர்ரென்று வந்தான். அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டாம் முறையும் நன்றாகவே வந்தார்கள்.

மூன்றாம் முறை பாதி வழியில் அவளுடைய ரப்பர் ஷூ சறுக்கின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை தனியாக வந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பாள், அவ்வளவுதான். நூறு கிலோ அப்பன் பின்னாலிருந்து நிற்காமல் இறங்கினான். பாதம் அங்கேயே நின்றது, கால் அவனோடு வந்தது. பென்சிலை ஒடித்தால் வருமே, அந்த அளவுதான் சத்தம். அதற்குப் பிறகு அவள் கத்தினாள்.

கர்ட் தலையைத் தூக்கிப் பார்த்தான். பார்க்கில் அந்த நேரம் ஒரே ஒரு ஆள்தான். ஊஞ்சல் பக்கம் பெஞ்சில் ட்ரீனா பிக்கெட் உட்கார்ந்திருந்தாள். கோல் தூரத்தில் தனியாகப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு?" என்று அவள் எழுந்து நின்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல! ஓடுனா. தானா விழுந்துட்டா!"

யோசித்துச் சொன்னதில்லை. முப்பது வருடமாக நாக்கின் அடியில் கிடந்தது, தானாக வந்துவிட்டது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு டிரக்குக்கு ஓடினான். கால் தொங்கியது. அவன் அதைப் பார்க்காமலே ஓடினான்.

ஆஸ்பத்திரி பக்கத்து ஊரில், இருபது நிமிடம். பாதி தூரம் போனதும் அவன் மூளை வேலை செய்யத் தொடங்கியது, அதுதான் கேடு. உண்மையைச் சொன்னால் மார்லா பெரிய சறுக்குமரத்தைப் பிடித்துக்கொள்வாள், நவம்பர் பன்னிரண்டு போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. ட்ரீனாவிடம் ஓடி விழுந்தாள் என்று சொல்லியாகிவிட்டது. அவள் சும்மா இருப்பாளா? இரண்டு வருடமாகக் காத்திருக்கிறவள், இந்நேரம் போனை எடுத்திருப்பாள். அவள் ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னால் கதை இரண்டாகிவிடும். கதை ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்பது குடும்பத்தை அந்த அளவுகோலால் அளந்தவனுக்கு, அந்த நேரத்தில் வேறு அளவுகோல் கைக்கு அகப்படவில்லை.

"பிரின்லி. செல்லம். அழாத. டாக்டர் கேட்டா என்ன சொல்லணும் தெரியுமா? ஓடுனேன், நானா விழுந்தேன். சொல்லு."

பிள்ளை கத்தியது.

"சொல்லும்மா. யாரு கேட்டாலும். நானா விழுந்தேன். சொன்னா மிட்டாய்."

விக்கலுக்கு நடுவே மூன்று முறை சொன்னாள். சரியாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னால் திரும்பி அவள் கையில் ஒரு ஜெல்லி மிட்டாய் வைத்தான். நான்காவது முறை சொல்லச் சொன்னபோதுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. வெர்ன் செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. டிரக்கில் அவன் குரல் அச்சாக அப்படியே கேட்டது. கர்ட் வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண், லின்ட் என்று பேர், சிரித்த முகம். படத்தை விளக்கின் மேல் வைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினாள்.

"இங்கதான் ஒடஞ்சிருக்கு. பயப்படாதீங்க, சின்னப் புள்ள எலும்பு, சீக்கிரம் கூடிரும். எப்படி ஆச்சு?"

"பார்க்குல ஓடுனா. தானா விழுந்துட்டா."

"ஓடி விழுந்தா?" அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். "இந்த வயசுல, இந்த எடத்துல, இப்படி ஒடஞ்சு வர்ற புள்ளைங்க நெறைய பேரு சறுக்குமரத்துலருந்துதான் வர்றாங்க. அப்பாவோ அம்மாவோ மடியில வச்சு எறங்கியிருப்பாங்க, ஷூ மாட்டிக்கும். மாசத்துக்கு ஒண்ணாவது பாக்கறேன். யாரு தப்பும் இல்ல. சறுக்குமரத்துல ஏதாவது ஏறுனாளா?"

கதவு அகலத் திறந்திருந்தது. ஒரு 'ஆமாம்' போதும். தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். ஆனால் கர்ட் வகுப்பில் நோட்டு எடுத்தவன். இப்படி இனிமையாகப் பேசி வாயைப் பிடுங்குவார்கள் என்று அவனுக்குத் தெரியுமாம்.

"இல்லயே. சறுக்குமரத்துப் பக்கமே போகல."

"நிச்சயமா?"

"பக்கமே போகல டாக்டர்."

லின்ட் குனிந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்தாள். "பிரின்லி, கண்ணு, கால்ல என்ன ஆச்சுடா?"

பிரின்லி அப்பாவைப் பார்த்தாள். பிறகு பாடம் ஒப்பிக்கிற மாதிரி, தெளிவாக, "யாரு கேட்டாலும் நானா விழுந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு, மிட்டாய்க்காக அவன் பக்கம் கையை நீட்டினாள்.

டாக்டரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. "ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்" என்று நிதானமாக எழுந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அந்த நடை கர்ட்டுக்குத் தெரியும். ஒன்பது முறை அவனே நடந்திருக்கிறான்.

மாலைக்குள் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு உட்கார்ந்தாள். கர்ட் அழுதுவிட்டான். சறுக்குமரம், மடி, ஷூ, எல்லாவற்றையும் கொட்டினான். அவள் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"மத்தியானம் ஒண்ணு சொன்னீங்க. டாக்டர் சறுக்குமரம்னு எடுத்துக் குடுத்தப்புறம், இப்ப அதயே சொல்றீங்க. மிஸ்டர் ரென்ஷா, நீங்க எங்க வகுப்புக்கு வர்றவருதானே? நோட்டெல்லாம் எடுப்பீங்களே."

மார்லா நடைபாதையில் நின்றிருந்தாள். ஊதா நிற மாவுக்கட்டோடு தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவனைத் தாண்டிப் போனபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "மிட்டாய் குடுத்தியா அவளுக்கு?"

திங்கட்கிழமை டிப்போவில் எர்ல் சாவியைக் கொடுக்கவில்லை, வாங்கிக்கொண்டார். "விசாரணை முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வராத தம்பி. மேலருந்து உத்தரவு." அவன் வாசலைத் தாண்டும் முன்பே பின்னால் எவனோ, "ஷெரிஃபயே புடிச்சுட்டாங்கடா" என்றான். பத்துப் பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவன் கர்ட்டின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன்.

அவனைக் காப்பாற்ற உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆள் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தாள். மூன்று நாள் டிரக்கைக் கொண்டுபோய் எதிரே நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தான். நான்காம் நாள் உள்ளே போனான். வரிசையில் நின்றான். அவன் முறை வந்தது.

"எந்த பம்ப்பு?" என்று ட்ரீனா கேட்டாள்.

"பெட்ரோலுக்கு வரல. ட்ரீனா, அன்னிக்கு பார்க்குல... நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சறுக்குமரத்துல நாங்க எறங்குனத?"

"மூணு தடவயும் பாத்தேன்."

அவன் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "நீ போன் போட்டியா?"

"நான் எதுக்குப் போடணும்? புள்ள சறுக்குமரத்துல கால ஒடச்சுக்குச்சு. அதுக்கெல்லாமா போன் போடுவாங்க?"

இதைக் கேட்டதும் கர்ட்டுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் போன் போடவில்லை. போட நினைக்கவும் இல்லை. எந்தக் கதையோடு ஒத்துப்போக வேண்டும் என்று பயந்து பொய்யைக் காப்பாற்றினானோ, அப்படி ஒரு கதையே எங்கும் இல்லை.

"கோர்ட்டுல வந்து சொல்லுவியா? நான் பண்ணதுக்கு உங்கிட்ட கேக்க எனக்கு மொகமே இல்ல. ஆனா எம்பொண்ணு ட்ரீனா..."

பின்னால் வரிசையில் நின்ற கிழவர் செருமினார். ட்ரீனா அவருடைய சிகரெட்டை எடுத்து வைத்துவிட்டு, இவன் பக்கம் திரும்பினாள்.

"வரேன். பாத்தத சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

"ரொம்ப நன்றி. ரொம்ப..."

"நன்றியெல்லாம் சொல்லாத. நான் என்ன பாத்தேன்னு நீ இன்னும் முழுசா கேக்கல."

கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஊதாப் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டான்.

நவம்பர் பன்னிரண்டு. ட்ரீனா பங்கின் சட்டையோடே வந்திருந்தாள், பேர் குத்தியிருந்தது. கர்ட்டின் வக்கீல் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை ஆசைப்பட்டுக் கையைக் காட்டியது, அவன் மடியில் வைத்து இறங்கியது, மூன்றாம் முறை ஷூ மாட்டியது. "அவரு வேணும்னு பண்ணல. புள்ளய அவ்வளவு பத்திரமாத்தான் புடிச்சிருந்தாரு. சிரிச்சுக்கிட்டே வந்தாங்க ரெண்டு பேரும்." கர்ட்டுக்கு மூச்சு வந்தது. ஒரு மாதமாக அவன் பேரில் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. சொன்னது இவள்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "புள்ள கத்துனதும் என்ன பண்ணாரு?"

"சுத்திப் பாத்தாரு."

"அப்படின்னா?"

ட்ரீனா தன் தலையைத் திருப்பிக் காட்டினாள். மெதுவாக இடது பக்கம், பிறகு வலது பக்கம். "இப்படி. யாராச்சும் பாக்கறாங்களான்னு. புள்ள மடியில கெடந்து கத்துது. என்னையப் பாத்துட்டாரு. என்கிட்ட, தானா விழுந்துட்டான்னு சொன்னாரு. அதுக்கப்புறந்தான் குனிஞ்சு புள்ளயப் பாத்தாரு."

மார்லா வாயைப் பொத்திக்கொண்டாள். அது பொய் என்று எழுந்து கத்த கர்ட் வாயைத் திறந்தான். திறந்த பிறகு நினைவுக்கு வந்தது, பொய் இல்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எலும்பு ஒடிந்தது விபத்து என்று எழுதினார்கள். அதற்கு அவனை யாரும் தண்டிக்கவில்லை. ஒடிந்த காலோடு அழுத பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்துப் பொய் சொல்லப் பழக்கியது மட்டும் தனியாக எழுதப்பட்டது. இரண்டு ராத்திரி போயிற்று, சனிக்கிழமை பகலும் போயிற்று. இனி வாரத்துக்கு ஒரு மணி நேரம், அலுவலகத்தில் அதற்கென்று இருக்கிற அறையில், கண்காணிக்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு பார்க்கலாம். ஏழாம் நம்பர் பஸ்ஸும் திரும்ப வரவில்லை. பிள்ளைகளை அவனோடு அனுப்ப மாட்டோம் என்று பெற்றோர் அறுபது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது கால்நடைத் தீவனக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறான்.

முதல் சனிக்கிழமை அவன் அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டான். சுவரில் வானவில், ஒரு கூடையில் பொம்மைகள், மூலையில் சின்ன மேசை. மேசையருகே மிஸஸ் டவ் என்ற பெண், மடியில் நோட்டு. பிரின்லியை உள்ளே விட்டுவிட்டு மார்லா வெளியே போனாள். மாவுக்கட்டை அடுத்த வாரம் பிரிக்கப்போகிறார்கள். பிள்ளை அதோடு விந்தி விந்தி நடக்கப் பழகியிருந்தாள்.

"டாடி, பேரு பாரு" என்று காலைத் தூக்கி அவன் முழங்காலில் வைத்தாள். ஊதா தெரியாத அளவுக்குப் பேர்கள். மார்லா, மார்லாவின் அக்கா, டேகேர் பிள்ளைகள், டாக்டர் லின்ட் வரைந்த ஒரு பூ. கர்ட் சட்டைப் பையில் புதுப் பேனா ஒன்று கொண்டுவந்திருந்தான். காலை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். அவன் பேர் எழுத இடமில்லை. பேனாவை வெளியே எடுக்கவே இல்லை.

அவள் கூடையிலிருந்து ஒரு கரடிப் பொம்மையை இழுத்துக்கொண்டு வந்தாள். மேசையில் இருந்த காகிதத் துண்டை எடுத்து அதன் காலைச் சுற்றினாள்.

"கரடிக்குக் கால் போச்சு."

"ஐயோ பாவம். வலிக்குதா அதுக்கு?"

அவள் கரடியை எதிரே உட்கார வைத்து, அதன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். "அழாத. யாரு கேட்டாலும் நானா விழுந்தேன். சொல்லு. சொன்னா மிட்டாய்."

பேனா நோட்டில் ஓடும் சத்தம் கேட்டது. கர்ட் தரையில் மண்டியிட்டான்.

"பிரின்லி, செல்லம், கேளு. அது டாடி சொன்ன பொய்டா. நீயா விழல. டாடி மேலதான் தப்பு. யாரு கேட்டாலும் நெசமா நடந்தத..."

"மிஸ்டர் ரென்ஷா." மிஸஸ் டவ்வின் குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கு நடந்ததப் பத்திப் புள்ளகிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது. என்ன சொல்லணும், என்ன சொல்லக் கூடாதுன்னு எதுவும் சொல்லித்தரவும் கூடாது. உத்தரவுல இருக்கு."

"நான் அத மாத்தத்தானே பாக்கறேன்!"

"தெரியும். ஆனா நான் எழுதித்தான் ஆகணும். இன்னொரு தடவ பேசுனா இன்னிக்கு நேரம் முடிஞ்சுது."

இன்னும் நாற்பத்தைந்து நிமிடம் இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். பிரின்லி கரடியிடம் மறுபடியும் சொன்னாள், மறுபடியும் சொன்னாள். கரடி சொல்லவில்லை. கடைசியில் அலுத்துப்போய் அதை அப்பனின் மடியில் போட்டாள்.

"நீதான் கரடி. சொல்லு."

கர்ட் மிஸஸ் டவ்வைப் பார்த்தான். அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு டாடி." பிள்ளையின் உதடு பிதுங்கத் தொடங்கியது, அழுதாள் என்றால் அதையும் எழுதுவார்கள். "சொல்லு!"

அவன் கரடியின் தலையை லேசாக ஆட்டினான். ஆறு வயதில் ஒரு முறை சொன்ன அதே சன்னமான குரலில் சொன்னான்.

"நானா விழுந்தேன்."

பிரின்லிக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெறுங்கையைக் குவித்துக் கொண்டுவந்து, இல்லாத மிட்டாயை அவன் வாயில் வைத்தாள்.